பனெத்தோனேவுக்குத் தொட்டுக்க என்ன?

டிசம்பர் மாதத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் இரண்டு நாற்காலிகள் உட்காரக் கிடைக்காது. ஒன்றின் முதுகும் இன்னொன்றின் முதுகும் பார்த்தபடி, ஒன்றரைச் சாண் இடைவெளி விட்டு நிறுத்திவைத்திருப்பேன். நடுவில் இரண்டு நீளமான கம்பிகளில் குத்திய ஒரு கிலோ பனெத்தோனே ரொட்டி தலைகீழாகத் தொங்கும். ஓவனிலிருந்து எடுத்த சூட்டோடு தொங்கவிட்டால், மறுநாள் காலைவரை அதை யாரும் தொடக்கூடாது. அந்த ஒரு ராத்திரி முழுக்க வீட்டில் வெண்ணெய், ஆரஞ்சுத் தோல், வெனிலா மூன்றும் கலந்த வாசம் நிற்கும். மாடிப்படியில் ஏறி வருகிறவர்கள்கூட எங்கள் கதவுக்கு முன்னால் ஒரு நிமிடம் தயங்கிப் போவார்கள்.

சில வருடங்களுக்கு முன்பு அம்மா தஞ்சாவூரிலிருந்து முதல் முறையாக இத்தாலிக்கு, மிலானுக்கு வந்திருந்தபோது இதைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, ரொட்டியைப் போய் வௌவால் மாதிரி தொங்கவிட்டிருக்க?" என்று கேட்டார். மறுநாள் காலையில் ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்தேன். கையால் கிழித்து வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார். அப்புறம், "ரொம்ப நல்லா இருக்கு. தொட்டுக்க என்ன?" என்றார்.

நான் பதில் சொல்லாமல் நின்றேன். அதுவரை ஐந்து குளிர்காலங்கள் அந்த ரொட்டியைச் செய்ய முயன்றிருக்கிறேன். அதோடு என்ன வைப்பது என்று ஒருநாளும் ஒழுங்காக யோசித்ததில்லை.

நாங்கள் இருப்பது மிலானின் பழைய முற்றத்து வீடுகளில் ஒன்று. நடுவில் முற்றம், ஒவ்வொரு மாடியிலும் இரும்புக் கம்பி போட்ட நீளமான பொதுத் தாழ்வாரம், அதில் வரிசையாகக் கதவுகள். இந்த மாதிரி வீட்டுக்கு 'காசா தி ரிங்கியேரா' என்று பெயர். கம்பி போட்ட வீடு, அவ்வளவுதான். ஒரே தாழ்வாரத்தில் இருப்பதால் யார் வீட்டில் என்ன சமையல் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு இரண்டு கதவு தள்ளி இருக்கும் அம்மையாருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. பிறந்ததிலிருந்தே மிலான்தான். நான் அவரை 'சிஞோரா' என்றுதான் கூப்பிடுவேன். அம்மாவின் கேள்வியை அவரிடம் கொண்டுபோனேன். "நியேந்தே" என்றார். ஒன்றும் வேண்டாம். கதவைச் சாத்தப் போனவர் மறுபடி திறந்து, "மஸ்கார்போனே கிரீம் வேண்டுமானால் வைக்கலாம். சாயங்காலம் என்றால் மொஸ்காத்தோ ஒயின். காலையில் என்றால் பால் காப்பி. வேறு ஒன்றும் வேண்டாம்" என்றார்.

அந்த இரண்டு பதில்களுமே சரி என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் ஏன் சரி என்று புரிய, அந்த ரொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் தெரியவேண்டும்.

பனெத்தோனே மிலானின் கிறிஸ்துமஸ் ரொட்டி. பெயருக்குப் பின்னால் கதைகள் உண்டு. மிலானை ஆண்ட பிரபு லுதோவிகோவின் விருந்தில் இனிப்பு கருகிப்போக, சமையலறைப் பையன் தோனி மிச்ச மாவில் செய்து கொடுத்தது 'பன் தெ தோனி' ஆயிற்று என்பது எல்லோரும் சொல்லும் கதை. எனக்கு அதைவிட இலக்கணம் பிடிக்கும். 'பானே' என்றால் ரொட்டி, 'பனெத்தோ' சின்ன ரொட்டிக் கட்டி, அதற்குப் பெருமை விகுதி சேர்த்தால் 'பனெத்தோனே'. பெரிய ரொட்டி. நல்ல நாளும் பெரிய நாளுமாக வீட்டுக்கே ஒன்றாகச் செய்த ரொட்டிக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் வேண்டாம்.

இத்தாலியில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2005 ஜூலையில் வந்த அரசாணைப்படி, பனெத்தோனே என்று பெயர் போட்டு விற்க வேண்டுமென்றால் மாவு இயற்கைப் புளிப்பில் பொங்க வேண்டும். வெண்ணெய்க் கொழுப்பு 16 விழுக்காட்டுக்கும், முட்டை மஞ்சள் கரு 4 விழுக்காட்டுக்கும், உலர்திராட்சையும் பாகில் ஊறிய பழத்தோலும் சேர்ந்து 20 விழுக்காட்டுக்கும் குறையக்கூடாது. வெண்ணெய்க்குப் பதில் மார்கரின் போட்டால் அதற்கு வேறு பெயர்தான் வைக்கவேண்டும். ஒரு தின்பண்டத்தை இவ்வளவு கவனமாகக் காப்பாற்றும் ஊரில் வாழ்வது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

எல்லாம் அந்தப் புளிப்பில்தான் இருக்கிறது. இங்கே அதை 'லியெவித்தோ மாத்ரே' என்பார்கள், தாய்ப்புளிப்பு. உறைமோர் வைத்திருக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நேற்றையதில் கொஞ்சம் எடுத்து இன்றையதில் கலந்தால் நாளையது தயார். வித்தியாசம் என்னவென்றால், இது தளர்வான கூழ் இல்லை. மாவின் எடையில் பாதிக்கும் சற்றுக் குறைவான தண்ணீர் விட்டுப் பிசைந்த கெட்டி உருண்டை. மிலான் வழக்கப்படி அதைத் துணியில் சுற்றி, கயிற்றால் பொட்டலம்போல இறுக்கிக் கட்டிவைக்க வேண்டும். பக்கத்துப் பியெமோந்தே மாநிலத்தில் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். நான் மிலான் கட்சி. ராத்திரி கட்டிவைத்த பொட்டலம் காலையில் கல்போல இறுகியிருக்கும். உள்ளே பொங்குகிற மாவு துணியைத் தள்ளித் தள்ளிக் கயிறு முறுகும் சத்தத்தை நடுராத்திரியில் நானே கேட்டிருக்கிறேன். உயிருள்ள ஒன்று வீட்டில் இருக்கிறது என்பதை அப்போதுதான் முழுசாக நம்பினேன்.

உள்ளே இருப்பது ஈஸ்ட் மட்டும் அல்ல. லாக்டிக் அமிலம் தரும் பாக்டீரியாக்களும் கூடவே இருக்கின்றன. அவற்றில் முக்கியமான ஒன்றுக்கு சான் பிரான்சிஸ்கோவின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள், முதலில் அந்த ஊர் ரொட்டி மாவில் கண்டுபிடித்ததால். இத்தாலியப் புளிப்புகளிலும் அது நிறைய உண்டு. மாவில் இருக்கும் மால்டோஸ் சர்க்கரை அதற்குப் பிடித்தமானது. கூடவே வாழும் ஒருவகை ஈஸ்டுக்கோ மால்டோஸைச் சாப்பிடவே தெரியாது. அதனால் இரண்டுக்கும் சண்டை இல்லை. பாக்டீரியா மால்டோஸை உடைத்து வெளியே விடும் குளுகோஸ் ஈஸ்டுக்குச் சாப்பாடாகிறது. ஒரே வீட்டில் குடித்தனம் செய்து, ஒருவர் தட்டில் இன்னொருவர் கை வைக்காமல் வாழ்கிற ஏற்பாடு.

ஆனால் இந்த ரொட்டி புளிக்கக்கூடாது. அங்கேதான் வேலையே. நம் இட்லி மாவைப் போல நன்றாகப் புளித்தால் போதும் என்று விட்டுவிட முடியாது. காலையில் பொட்டலத்தைப் பிரித்து, நடுவில் இருக்கும் மெத்தென்ற பகுதியை மட்டும் எடுத்துத் துண்டு போட்டு, லிட்டருக்கு இரண்டு கிராம் சர்க்கரை கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் குளிக்கவைப்பேன். அதிகப்படி அமிலம் அதில் இறங்கிவிடும். பிழிந்து, புது மாவும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து, முப்பது டிகிரிக்குச் சற்றுக் குறைந்த வெதுவெதுப்பில் மூன்று நான்கு மணி நேரம் வைப்பேன். இப்படி ஒரே நாளில் மூன்று முறை. ஒவ்வொரு முறையும் அமிலம் குறைந்து ஈஸ்டின் பலம் கூடுகிறது. கடைசியில் மோந்து பார்த்தால் தயிர் வாசம் மெல்லிசாக இருக்கும், அதற்குமேல் போகாது. அந்த பலம் இல்லையென்றால், பின்னால் கொட்டப்போகிற சர்க்கரையையும் வெண்ணெயையும் அது தாங்காது. சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், ஈஸ்ட் தாகத்தில் தவிக்கும். வெண்ணெய் மாவின் இழைகளை வழுக்க வைக்கும். இரண்டையும் மீறி எழவேண்டும்.

சனிக்கிழமை இரவு முதல் மாவு. நல்ல வலுவான மாவு, தண்ணீர், சர்க்கரை, மஞ்சள் கரு, வெண்ணெயில் ஒரு பங்கு, தாய்ப்புளிப்பு. இது ராத்திரி முழுக்க மூன்று மடங்காகப் பொங்கும். இரண்டே முக்கால் மடங்குக்கு அவசரப்பட்டு எடுத்தால் ரொட்டி கனக்கும், நான்கு மடங்குக்கு விட்டால் புளிக்கும். அதனால் ஒரு நீளமான கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் மாவைத் தனியாகப் போட்டு, பேனாவால் கோடு கிழித்து, விடிகாலையில் எழுந்து அதைப் பார்ப்பேன். ஞாயிறு காலை இரண்டாம் மாவு. மிச்ச மாவு, கரு, தேன், சர்க்கரை, உப்பு, மிச்ச வெண்ணெய். தேனையும் ஆரஞ்சுத் தோலையும் வெனிலாவையும் முதல் நாளே ஒன்றாக ஊறவைத்திருப்பேன். கடைசியில் உலர்திராட்சை, ஆரஞ்சுத் தோல், 'சேத்ரோ' என்று இங்கே சொல்லும், நம் நார்த்தங்காய் இனத்துப் பழத்தின் தடிமனான தோல்.

முதல் இரண்டு வருடம் இந்த இடத்தில்தான் தோற்றேன். வெண்ணெய் இளகியிருந்தது, வேகமாகப் போட்டேன், இயந்திரம் சூடேறி மாவும் சூடேறியது. பளபளவென்று பட்டுத்துணி மாதிரி இருந்த மாவு இரண்டே நிமிடத்தில் எண்ணெய் கக்கிக் குழம்பாகிவிட்டது. மூன்று நாள் உழைப்பு. அழுகை வந்தது. பிசைந்து முடிக்கும்போது மாவின் சூடு 26 டிகிரியைத் தாண்டக்கூடாது என்று அப்புறம்தான் கற்றுக்கொண்டேன். இப்போது மாவு, கரு, பாத்திரம் எல்லாமே முந்தின இரவு ஃபிரிட்ஜில்தான் தூங்கும். வெண்ணெயை நெல்லிக்காய் அளவு நெல்லிக்காய் அளவாக, முதலில் போட்டது மறைந்த பிறகே அடுத்ததை, என்று போடுவேன். சரியாக வந்த மாவை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் கிழியாமல் சவ்வாக விரியும், அதன் வழியே ஜன்னல் வெளிச்சம் தெரியும்.

உருட்டி, கொஞ்சம் இளைப்பாறவிட்டு, மறுபடி உருட்டிக் காகித அச்சில் வைக்கிறோம். இந்தக் காகித அச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. அந்தக் காலத்துப் பனெத்தோனே தட்டையாக, பரந்த ரொட்டியாகத்தான் இருந்தது. 1919ல் மிலானில் கடை தொடங்கிய ஆஞ்செலோ மோத்தா மாவைச் சுற்றிக் காகிதத்தால் சுவர் கட்டி, அது பக்கவாட்டில் பரவாமல் மேலே எழும்படி செய்தார். கொஞ்ச காலத்தில் அலெமாஞா போட்டிக்கு வந்தார். இரண்டு பேரும் முட்டிமோதியதில் மிலானின் ரொட்டி நாடு முழுவதற்கும் கிறிஸ்துமஸ் ரொட்டி ஆகிவிட்டது. இன்றைக்கும் சில பழைய கடைகளில் தட்டையான பனெத்தோனே கிடைக்கும். வாய்ப்புக் கிடைத்தால் இரண்டையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். தட்டையானதில் ஓரத்தின் மொறுமொறுப்பு அதிகம்.

அச்சில் மாவு விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே வந்ததும், பிளேடால் மேலே சிலுவைக் குறி கீறி, நான்கு முனைகளையும் காதுபோல மெல்லத் தூக்கி, உள்ளே சின்ன வெண்ணெய்த் துண்டு வைத்து ஓவனுக்குள். ஒரு கிலோவுக்கு 50 நிமிடத்துக்கும் சற்றுமேல். நடுப்பகுதியின் சூடு 93 டிகிரி தொட்டதும் எடுத்து, அடியில் கம்பி குத்தித் தலைகீழாகத் தொங்கவிடவேண்டும். சூட்டில் வெண்ணெய் உருகியே இருக்கும், உள்ளே ஸ்டார்ச் இன்னும் இறுகவில்லை, ரொட்டிக்குத் தன் எடையைத் தாங்கும் எலும்பு இல்லை. நிமிர்த்தி வைத்தால் பத்து நிமிடத்தில் நடுவில் குழி விழுந்துவிடும். தலைகீழாகத் தொங்கினால் அதன் எடையே அதை நீட்டி வைத்திருக்கிறது. அம்மாவின் வௌவாலுக்கு இதுதான் காரணம். பத்து மணி நேரம் கழித்து இறக்கி, உள்ளே சுத்தமான ஆல்கஹாலைப் பூவாளிபோலத் தெளித்த பையில் போட்டுக் கட்டிவிடுவேன், பூசணம் பிடிக்காமல் இருக்க. உடனே வெட்டுவது பாவம். நான்கைந்து நாள் விட்டால்தான் வெண்ணெயின் வாசமும் பழத்தோலின் வாசமும் ரொட்டிக்குள் ஒன்றாகக் கலக்கும். அன்றைக்கு அம்மாவுக்கு மறுநாளே வெட்டிக் கொடுத்தேன். ஊரிலிருந்து வந்த தாயைக் காக்கவைக்க மனம் வரவில்லை.

சரி, தொட்டுக்க என்ன என்பதற்கு வருவோம்.

இவ்வளவும் உள்ளே போன பிறகு, அந்தத் துண்டில் இனிப்பு இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது, பழம் இருக்கிறது, வாசம் இருக்கிறது. புளிப்பு அடியில் ஒரு நூலாக ஓடுகிறது. இல்லாதது மூன்று: கசப்பு, உப்பு, ஈரம். பக்கத்தில் வைப்பது இந்த மூன்றில் ஒன்றையாவது கொண்டுவரவேண்டும். மேலும் இனிப்பைக் கொண்டுவந்தால் ரொட்டியும் கெடும், துணையும் கெடும். இத்தனை வருடத்தில் நான் கண்டது இதுதான். ஜாம் தடவித் தருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். சாக்லேட் விழுது தடவினால் அதைவிட.

எதை வைத்தாலும் முதலில் ரொட்டி குளிரக்கூடாது. வெண்ணெய் உறைந்திருந்தால் வாசம் வெளியே வராது. மிலான்காரர்கள் பரிமாறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே பனெத்தோனேவைப் பையோடு ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கவலை வேண்டியதில்லை, அறைச் சூடே போதும். மேலிருந்து கீழ்வரை ஒரே ஆப்பாக வெட்டவேண்டும். ஒவ்வொருவருக்கும் மேல் ஓடும் கிடைக்கும், நடுவின் பஞ்சும் கிடைக்கும். சாப்பிடக் கரண்டியோ கத்தியோ வேண்டாம். நல்ல பனெத்தோனே கிழிந்து வரும்போது பஞ்சுமிட்டாய் போல நீள நீளமான இழையாகப் பிரியும். அந்த இழை கையால்தான் தெரியும்.

சிஞோரா சொன்ன மஸ்கார்போனே கிரீம் கிறிஸ்துமஸ் மதியத்துக்கு உரியது. மஸ்கார்போனே, மிலான் இருக்கும் லொம்பார்தியா மாநிலத்தின் சொந்தப் பொருள். பாலாடையை 90 டிகிரி வரை காய்ச்சி, எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்து, துணியில் வடிகட்டி ஒரு ராத்திரி விட்டால் கிடைப்பது. பனீர் செய்யத் தெரிந்தவர் யாரும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். 250 கிராம் மஸ்கார்போனேவுக்கு இரண்டு முட்டை. புத்தகங்கள் சர்க்கரையைத் தாராளமாகப் போடச் சொல்லும். நான் 40 கிராமுக்கு மேல் போடுவதில்லை, ரொட்டியில் ஏற்கெனவே இருக்கிறது. பச்சை முட்டை வேண்டாம் என்பதால் கருவையும் சர்க்கரையையும் கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து, வெளுத்துக் கெட்டியாகும்வரை அடித்து, ஆறவைத்து மஸ்கார்போனேவில் சேர்ப்பேன். வெள்ளைக் கருவுக்குப் பதில் நுரைக்க அடித்த பாலாடை. ஒரு ஸ்பூன் மர்சாலா ஒயின், ஒரு துளி உப்பு. அந்த உப்பை விடாதீர்கள். இதை ரொட்டியின்மேல் ஊற்றக்கூடாது, பக்கத்தில் ஒரு கரண்டி வைக்கவேண்டும். கிழித்த துண்டால் தொட்டு எடுத்துச் சாப்பிட வேண்டும். அம்மா கேட்ட 'தொட்டுக்க' எழுத்துக்கு எழுத்துப் பொருந்துவது இங்கேதான்.

ஸபாயோனே என்று இன்னொன்று உண்டு. கரு, சர்க்கரை, சிசிலியின் மர்சாலா ஒயின், மூன்றையும் சூட்டில் அடித்து நுரையாக்குவது. பழைய வீடுகளில் அளவுக்கு முட்டை ஓட்டையே எடுத்துக்கொள்வார்கள். உடைத்த அரை ஓடுதான் மர்சாலாவுக்குக் கிண்ணம். சூடாக இருக்கும்போதே பரிமாற வேண்டும். நன்றாக இருக்கும், ஆனால் இனிப்பின்மேல் இனிப்பு. வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் எனக்கு ஓடாது.

குடிப்பதற்கு மொஸ்காத்தோ தாஸ்தி. பியெமோந்தே மலைச்சரிவுகளில் விளையும் வெள்ளை மொஸ்காத்தோ திராட்சையில் செய்வது. முழுக்க நொதிப்பதற்கு முன்பே குளிர்வித்து நிறுத்திவிடுவதால் பழத்தின் சர்க்கரை மிச்சம் இருக்கும், ஆல்கஹால் ஐந்து விழுக்காட்டைச் சுற்றித்தான், மெல்லிய குமிழ்கள். அந்தக் குமிழ்கள்தான் வேலை செய்கின்றன. வாயில் படிந்த வெண்ணெயைக் கழுவிவிட்டு அடுத்த வாய்க்கு நாக்கைத் தயாராக்கும். பெரிய விருந்து என்று நினைத்து விலை உயர்ந்த, இனிப்பே இல்லாத ஷாம்பெயினைத் திறப்பவர்கள் உண்டு. இனிப்பு ரொட்டிக்குப் பிறகு அது வெறும் எலுமிச்சைத் தண்ணீர்போலப் புளிக்கும். ஒயினும் பாவம், ரொட்டியும் பாவம். குடிக்காதவர்களுக்குச் சர்க்கரை போடாத கறுப்புத் தேநீர் வைப்பேன். மசாலா டீயை வைத்துப் பார்த்தேன். ஏலக்காய் முழு மேடையையும் எடுத்துக்கொள்கிறது.

உப்புக்கு நான் தேர்ந்தெடுத்தது கொர்கொன்ஸோலா. நீலப் பூசணம் ஓடும் பாலாடைக்கட்டி. அதே பெயரில் ஊர் இருக்கிறது, மிலான் மெட்ரோவின் பச்சைத் தடத்தில் அது ஒரு நிறுத்தம். அதில் இரண்டு வகை உண்டு. காரமானது வேண்டாம், 'தோல்சே' என்கிற மென்மையானது, கரண்டியால் அள்ளும் பதத்தில். ஒரு வாரமாகி ஓரம் காய்ந்த பனெத்தோனேவை விரல் கனத்துக்கு வெட்டி, எண்ணெய் விடாமல் தவாவில் இரண்டு பக்கமும் பொன்னிறமாகச் சுட்டு, சூடாக இருக்கும்போதே அதன்மேல் ஒரு கரண்டி கொர்கொன்ஸோலா. உலர்திராட்சையும் அந்த உப்பும் பல்லில் ஒன்றாகப் படும்போது, ஊறுகாயும் தயிர்சாதமும் ஏன் பிரியாத ஜோடி என்பது வேறு மொழியில் புரிந்தது மாதிரி இருக்கும். சிஞோரா இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு கடி கடித்துவிட்டு, மிச்சத்தை மரியாதையாகத் தட்டில் வைத்து, "இரண்டும் நல்லவை. தனித்தனியாக" என்றார். இந்த ஒன்றில் மட்டும் நான் அவரோடு வேறுபடுகிறேன்.

மிலானில் பெரு நாட்டுக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். என் மகளின் பள்ளித்தோழி வீட்டில் ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு போயிருந்தோம். பட்டை, கிராம்பு போட்டுக் காய்ச்சிய கெட்டியான சாக்லேட் பாலும் 'பனெதோன்' துண்டும் வைத்தார்கள். இத்தாலியிலிருந்து குடியேறியவர்களோடு போன ரொட்டி, பெருவில் அவர்கள் சொந்தமாகிவிட்டது. ஜூலையில் வரும் சுதந்திர நாளுக்கும் அங்கே அதுதான். அவர்கள் சாக்லேட்டில் சர்க்கரை குறைவு, கோகோவின் கசப்பு தூக்கலாக இருந்தது. அந்த ரொட்டியில் சிவப்பும் பச்சையுமாகப் பாகில் ஊறிய பப்பாளித் துண்டுகள். எடுத்துப் பார்த்தேன். நம் ஊர் பேக்கரி பன்னில் வரும் அதே டூட்டி ஃப்ரூட்டி. சின்ன வயதில் பொறுக்கித் தின்ற ஞாபகம் வந்து, அதையும் முதலில் பொறுக்கித்தான் தின்றேன்.

மீதி இருப்பது காலை. மோக்கா கெட்டிலில் இறக்கிய கெட்டிக் காப்பி, சூடான பால், சர்க்கரை இல்லாமல். ரொட்டியை அதில் தொட்டு எடுக்கலாம், முக்கி வைக்கக்கூடாது. இரண்டு நொடிக்கு மேல் போனால் பஞ்சு முழுக்கக் கோப்பைக்குள் இறங்கிவிடும். ஈரமும் கசப்பும் இதில் ஒன்றாகக் கிடைக்கின்றன. ஒரே ஒரு துணையைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன்.

மிலானில் பனெத்தோனே டிசம்பரோடு முடிவதில்லை. நகரத்தின் காவல் புனிதரான அம்ப்ரோஜோவின் நாள், டிசம்பர் 7, அன்றைக்குத் தொடங்கி பிப்ரவரி 3 வரை ஓடும். அந்த நாள் புனித பியாஜோவுக்கு உரியது. தொண்டையில் மீன் முள் சிக்கிய ஒரு பையனைக் காப்பாற்றியவர் என்று ஐதீகம். கிறிஸ்துமஸ் பனெத்தோனேவில் ஒரு துண்டை எடுத்துவைத்து, அன்று காலை வெறும் வயிற்றில் எல்லோரும் பகிர்ந்து சாப்பிட்டால் வருடம் முழுக்கத் தொண்டைக்கும் மூக்குக்கும் நோய் வராது என்பது இந்த ஊர் நம்பிக்கை. தொண்டையையும் மூக்கையும் புனிதர் ஆசீர்வதிப்பார் என்று மிலான் வழக்குமொழியில் எதுகையோடு ஒரு வரி உண்டு. சிஞோரா அதைப் பாட்டு மாதிரி சொல்வார். ஆறு வாரத்தில் அந்தத் துண்டு காய்ந்து வரட்டிபோல ஆகியிருக்கும். அவர் கடையில் வாங்கியதை எடுத்துவைப்பார். வீட்டில் செய்தது அவ்வளவு நாள் தாங்காது என்பதால், நான் ஜனவரி நடுவில் இன்னொன்று செய்வேன்.

அந்த வருடம் ஜனவரியில் செய்ததைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியை அம்மாவின் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே வைத்து அனுப்பினேன். பிப்ரவரி 3 காலையில் சாப்பிடவேண்டும், அதுவரை தொடக்கூடாது என்று சொல்லியிருந்தேன். அன்றைக்கு இங்கே இன்னும் விடியவில்லை, முற்றம் முழுக்கப் பனிமூட்டம். போன் வந்தது.

"காலங்காத்தால குளிச்சிட்டு அப்பாவும் நானும் சாப்பிட்டாச்சு."

"காஞ்சு போயிருக்குமே, எப்படிம்மா சாப்பிட்டீங்க?"

"தோசைக்கல்லுல லேசா நெய் தடவி வாட்டினேன். டிகாக்‌ஷன் தூக்கலா ஒரு காப்பி போட்டேன், சக்கரை போடாம. அப்பா இன்னொரு துண்டு இருக்கான்னு கேட்டாரு."

"தொட்டுக்க?"

"ஒண்ணும் வேணாம்டி, அப்படியேதான்" என்றார். பிறகு, பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் தொண்டை எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் எழுந்து, தாழ்வாரத்தில் இரண்டு கதவு தள்ளிப் போய்ப் போனைச் சிஞோராவிடம் கொடுத்தேன்.